கறுப்பு நூல் கட்டிய புட்டி

அத்தியாயம் 11

வெங்கடபதியின் குடும்பத்தாரைச் சென்ற வாரம் சாப்பாட்டு மேசையருகே விட்டுவிட்டு வந்தோம். அங்கே அவர் சொன்ன தீர்ப்பு வாசகர்களுக்கு நினைவிருக்கும். பெருந்துறைத் தொழிற்பேட்டையில் இருக்கும் ஷெட் யாருக்கு என்பதே வழக்கு. பழம் உலர்த்தும் தட்டுகளைச் செய்ய அது வேண்டும் என்பது மகள் ஹர்ஷிணியின் கட்சி. இயந்திரத்தைக் கழற்றிவிட்டு ஷெட்டைக் கிடங்காக வாடகைக்கு விடலாம் என்பது மகன் சைதன்யாவின் கட்சி.

"நாளைக்கு வர்ற இத்தாலிக்கார அம்மா தட்டு வேணும்னு சொல்லிப்போட்டாங்கன்னா ஷெட்டு அம்மணிக்கு. வேண்டாம்னுட்டாங்கன்னா சைதன்யாவுக்கு. அதுவரைக்கும் ரெண்டு பேரும் கம்முனு இருங்க" என்று சொல்லிவிட்டு வெங்கடபதி மோர்ச் சோற்றைப் பிசையத் தொடங்கினார்.

அந்த நாளைதான் இப்போது விடிந்திருக்கிறது.

வெரோனா நகரத்தை அடுத்த குன்றுகளில் ஒரு வழக்கம் உண்டு. அறுத்த திராட்சையை அவர்கள் உடனே பிழிவதில்லை. நாணல் பரண்களில் பரப்பிக் குளிர்காலம் பாதி கழியும் வரை உலர விடுகிறார்கள். பழம் சுருங்கிக் கிஸ்மிஸ் ஆகும் தறுவாயில் பிழிந்து புளிக்க வைத்தால், கறுத்துச் சிவந்த, கனமான ஒயின் கிடைக்கிறது. அவ்வூரில் சில மாதங்கள் தங்கிப் பயின்ற ஹர்ஷிணி, நாணலுக்குப் பதிலாகத் துளையிட்ட எவர்சில்வர் தட்டுகளைச் செய்து, அடியிலிருந்து காற்றை ஊதினால் பழம் ஒரே சீராக உலரும் என்று கணித்தாள். ரென்சா என்னும் மூத்த தோட்டக்காரி, தம் அண்டை அயலார் சார்பிலும் பேசுபவர், சென்ற ஆண்டு இரண்டு தவணைகளாகத் தட்டுகளை வரவழைத்துச் சோதித்துப் பார்த்தார். அப்பழத்தின் ஒயினோடு அவர் இன்று நேரில் வருகிறார். சுவைத்துப் பார்த்து, பேசி முடிவு செய்யலாம் என்பது ஏற்பாடு.

பீளமேட்டு வீட்டின் கூடத்தில் ஹர்ஷிணி காலை முதல் வாசனைகளோடு போராடிக்கொண்டிருந்தாள்.

ஒயினைச் சுவைப்பது என்பது முக்கால் பங்கு முகர்வதுதான். ஆகையால் வீட்டில் வேறு வாசனை எழக் கூடாது என்று தாய் வரலட்சுமியிடம் அவள் முதல் நாளே சொல்லியிருந்தாள். "செரி கண்ணு" என்று வரலட்சுமியும் தலையாட்டியிருந்தாள். பொழுது விடிந்ததும் பூஜை அறையிலிருந்து சாம்பிராணிப் புகை புறப்பட்டுக் கூடத்தை நிறைத்தது. ஹர்ஷிணி ஓடிச் சென்று சன்னல்களைத் திறந்தாள். ஆனி மாதக் காற்று உள்ளே புகுந்து புகையை விரட்டியது. விரட்டிய கையோடு எதிர் வீட்டில் மிளகாய் வறுக்கும் நெடியைக் கொண்டுவந்து சேர்த்தது. சன்னல்களை மீண்டும் அடைத்தாள். அதற்குள் சமையலறையில் சோம்பு நுணுக்கும் வாசனை எழுந்துவிட்டது.

"அம்மா, சோம்பு வேண்டாம்னு சொன்னேனில்லைங்க?"

"சோம்பு போடாத வடையை மனுசர் வாயில வெக்க முடியுமா? அவங்க எத்தனை தொலைவிலிருந்து வர்றாங்க."

"அவங்க வடை தின்ன வரலைங்கம்மா."

"எதுக்கு வர்றாங்கங்கறது அவங்க சோலி. தின்ன வெக்கறது நம்ம சோலி."

"செரி, அந்த மல்லிகைப் பூவையாவது எடுத்து வைங்க. கூடமெல்லாம் அதுதான் மணக்குது."

வரலட்சுமி கரண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தாள். "வெள்ளிக்கிழமையும் அதுவுமா பூவை எடுக்கச் சொல்றயா? நான் இங்கயே இருந்துக்கறேன். கதவைச் சாத்திக்கறேன். போதுமா?"

கதவு சாத்தப்பட்டது, சாத்திய வேகத்தில் அவளுடைய மனநிலையும் தெரிந்தது. ஆயினும் ஹர்ஷிணி அக்கதவை மறுபடியும் தட்ட வேண்டியிருந்தது.

"இன்னும் என்ன?"

"துப்பறதுக்கு ஒரு பாத்திரம் வேணுங்கம்மா."

"எதைத் துப்பறதுக்கு?"

"ஒயினைத்தான். வாயில வெச்சுச் சுவை பார்த்துட்டுத் துப்பிடணும். முழுங்கிட்டே போனா நாக்கு மரத்துப்போயிரும்."

"நடு ஊட்டுல உக்காந்துட்டா?"

"உலகம் பூரா அப்படித்தானுங்கம்மா."

"உலகத்துல துப்பட்டும். என் அடுப்படிப் பாத்திரத்துல ஒண்ணும் கிடையாது."

சைதன்யா உதவிக்கு வந்தான். அதாவது, குளியலறைக்குச் சென்று நீல நிறப் பிளாஸ்டிக் குவளை ஒன்றை எடுத்துவந்து மேசையின் நடுவில் வைத்தான். ஹர்ஷிணி அவனையும் அக்குவளையையும் மாறி மாறிப் பார்த்தாள். இறுதியில், அவனுடைய திருமணத்துக்குப் பரிசாக வந்து அலமாரியில் உறங்கிக்கொண்டிருந்த பீங்கான் பூச்சாடி ஒன்று அப்பணிக்கு அமர்த்தப்பட்டது.

"ஹர்ஷி, இதுல சாக்லேட்டு, புகையிலை, செருப்புத் தோலு எல்லாம் வாசனை வருமாம். போட்டிருக்கான்" என்றான் சைதன்யா, கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அதைப் படிச்சு ஒப்பிக்காதண்ணா. உனக்கு என்ன தோணுதோ அதைச் சொல்லு."

"செருப்புத் தோலு தோணலைன்னா?"

"தோணலைன்னு சொல்லு. அவ்வளவுதான்."

"அதெப்படி, எல்லாருக்கும் தோணுதுன்னு போட்டிருக்குதே."

அப்போது கூடத்துக்குள் தந்தை வந்துகொண்டிருந்தார். வெளுத்த வேட்டி, கஞ்சி போட்ட சட்டை, நெற்றியில் நாமக் கோடு. பிறந்தது முதல் மதுவைத் தொட்டறியாதவர் அவர். விருந்தினர் கொண்டுவருவதை வேண்டாம் என்று சொல்வது முறையன்று என்னும் ஒரே காரணத்தால் இன்று தொடச் சம்மதித்திருந்தார்.

"இது அரிஷ்டம் மாதிரிதானே அம்மணி? இருமலுக்கு வைத்தியர் குடுப்பாரே, திராட்சையில போட்டது."

"ஏறக்குறைய அப்படித்தானுங்க நைனா. ஆனா முழுங்கிடாதீங்க. பொறவு ஒண்ணு. அவங்க எப்படி இருக்குதுன்னு கேட்டா, உள்ளது உள்ளபடி சொல்லணுங்க."

"நான் எப்ப அம்மணி பொய் சொல்லியிருக்கறேன்?"

கொடுக்கல் வாங்கலில் அவர் பொய் சொன்னதாக யாரும் சொல்ல முடியாது. ஆனால் எதிரே இருப்பவர் மனம் கோணும்படியான ஒரு சொல்லையும் அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. உப்பில்லாத பந்தியில் உட்கார்ந்து, "சமையல் பிரமாதமுங்க" என்று சமையல்காரரைத் தேடிப் போய்ச் சொன்னவர். ஹர்ஷிணிக்கு வந்த ஒவ்வாத வரன் ஒன்றை மறுக்க மனமில்லாமல், அந்த வீட்டாரே சலித்து வேறிடம் பார்க்கும் வரை "பார்க்கலாமுங்க, பார்க்கலாமுங்க" என்றே காலங்கடத்தியவர். இவரை வைத்துக்கொண்டு ஒயினுக்குக் குறை சொல்ல வேண்டும்.

முற்பகலில் ரென்சா வந்தார். கத்தரித்த வெண்முடியும், ஆண்கள் அணிவது போன்ற கட்டம்போட்ட சட்டையும், வெயிலில் காய்ந்த முகமுமாக இருந்தார். வெங்கடபதி கைகூப்பினார், அவரும் கைகூப்பினார். பின்னர்ப் பையிலிருந்து மூன்று கம்பளிக் காலுறைகளை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சிறு புட்டி வெளிவந்தது. புட்டிகளில் பெயர்ச்சீட்டு இல்லை. ஒன்றன் கழுத்தில் மஞ்சள் நூலும், ஒன்றில் நீல நூலும், ஒன்றில் கறுப்பு நூலும் கட்டியிருந்தன.

"இளநி வெட்டச் சொல்லட்டுங்களா? இல்லை, காப்பி குடிக்கிறீங்களா?" என்றார் வெங்கடபதி.

ஹர்ஷிணி இத்தாலிய மொழியில் கேட்டுச் சொன்னாள். "சுவை பார்த்து முடிக்கற வரைக்கும் ஒண்ணும் வேண்டாமாமுங்க நைனா."

"ஒரு வாய் தண்ணியாவது?"

"தண்ணி மேசைமேலயே இருக்குதுங்க."

வெங்கடபதியின் முகம் வாடிற்று. வந்தவர் ஒன்றும் அருந்தாமல் உட்கார்ந்திருப்பது அவருக்குத் தம் வீட்டின்மீதே ஒரு பழி விழுந்தாற் போலிருந்தது.

ரென்சா பேசத் தொடங்க, ஹர்ஷிணி மொழிபெயர்த்தாள். மூன்றும் ஒரே குன்றின் பழம், ஒரே அறுவடை. உலர்த்திய விதம் மட்டுமே வேறு. எது எதில் உலர்ந்தது என்று இப்போது சொல்லப்போவதில்லை. முதலில் வீட்டார் சொல்ல வேண்டும். பிறகு தாம் சொல்வதாக ஏற்பாடு. ஒயின் இன்னும் இளசு. பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் இருக்க வேண்டியது. ஆகையால் அதன் கரடுமுரடை மன்னித்து, உள்ளிருக்கும் பழத்தைத் தேட வேண்டும்.

மஞ்சள் நூல் கட்டிய புட்டியிலிருந்து கொஞ்சம் ஊற்றப்பட்டது. ஹர்ஷிணி கோப்பையைச் சாய்த்துச் சுழற்றினாள். கண்ணாடியின் உட்புறத்தில் ஒயின் எண்ணெய்போல் மெல்ல வழிந்து இறங்கிற்று. மூக்கருகே கொண்டுபோனாள். காய்ந்த அத்திப்பழம், கருப்பட்டிப் பாகு, சற்றே பின்னால் சாதிக்காய். வாயில் வைத்தபோது அது நாவை நிறைத்தது. ஓரங்களில் கடுந்தேயிலைபோல் துவர்த்தது. தொண்டைவரை இளஞ்சூடு பரவியது. காலை முதல் அவளை வதைத்த சாம்பிராணி, சோம்பு, மிளகாய் எல்லாம் எங்கோ தொலைந்துபோயின. பூச்சாடியை எடுத்து நாசூக்காகத் துப்பினாள்.

ரென்சாவோ பூச்சாடியைத் தொடவேயில்லை. நாற்காலியில் சாய்ந்தபடியே, ஒரு முழத் தொலைவிலிருந்து, குறி தவறாமல் அதற்குள் பாய்ச்சினார். சைதன்யா வாய்விட்டுப் பாராட்டினான். வெங்கடபதி கண்களைத் தாழ்த்திக்கொண்டார்.

அவருடைய கோப்பை காலியாக இருந்தது.

"நைனா, துப்பலைங்களா?"

"ஒருத்தங்க கையால குடுத்ததை அவங்க கண்ணு முன்னாலயே எப்படி அம்மணி துப்பறது?"

"அவங்களே துப்பறாங்களே."

"அது அவங்க சரக்கு. அவங்க துப்பலாம்."

நீல நூல் கட்டிய புட்டி அடுத்து வந்தது. இது முதலாவதன் உடன்பிறப்பு என்பது முகர்ந்தவுடனே தெரிந்தது. அத்தியும் கருப்பட்டியும் அப்படியே இருந்தன. ஆனால் பழத்தின் குரல் இன்னும் தெளிவாகக் கேட்டது. இதுவே தன் தட்டில் உலர்ந்ததாக இருக்க வேண்டும் என்று அவள் மனம் ஆசைப்பட்டது. ஆசைப்படாதே என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். தந்தையின் இரண்டாவது கோப்பையும் காலியாயிற்று. அவருடைய காது மடல்கள் சிவந்திருந்தன.

பின்னர்க் கறுப்பு நூல் கட்டிய புட்டி.

கோப்பை மூக்கை அடைவதற்குள்ளாகவே அவளுக்குத் தெரிந்துவிட்டது. முதலில் காடியின் புளித்த நெடி. அதன் கூடவே, நகச்சாயத்தை அழிக்கும் திரவத்தின் காரமான வாடை. அடியாழத்தில், மழையில் நனைந்து மூலையில் கிடந்த சாக்கின் நாற்றம். ஒரு துளி நாவில் பட்டதும் உடல் சிலிர்த்தது. ஐயத்துக்கே இடமில்லை. பழத்தில் பூஞ்சை பிடித்திருக்கிறது. பிறகு ஒயினும் கெட்டிருக்கிறது.

அவள் பூச்சாடிக்குக் குனிந்து நிமிர்வதற்குள் வெங்கடபதி மூன்றாவது கோப்பையையும் முடித்துக் கீழே வைத்தார். ஒரு கணம் அவருடைய கண்கள் இறுக மூடித் திறந்தன. பிறகு விருந்தினரைப் பார்த்து மலர்ந்து சிரித்தார்.

"அருமைங்க. மத்த ரெண்டையும்விட இது ஒரு படி மேலேங்க."

"ஆமாங்க. சூப்பருங்க. நல்ல சாக்லேட் வாசனைங்க" என்றான் சைதன்யா.

ரென்சா ஹர்ஷிணியின் பக்கம் திரும்பினார். "என்ன சொல்கிறார்கள்?"

அந்தக் கூடத்தில் இரண்டு மொழிகளையும் அறிந்தவள் அவள் ஒருத்திதான். 'மூன்றாவது கெட்டுவிட்டது என்கிறார்கள்' என்று இத்தாலிய மொழியில் சொல்லிவிட்டால் முடிந்தது. தந்தையின் மானமும் பிழைக்கும், வீட்டின் நாணயமும் பிழைக்கும். அந்தப் பொய் நாவின் நுனிவரை வந்து நின்றது. எரிச்சலும் கூடவே வந்தது. ஊரார் வீட்டுப் பந்தியில் உப்பில்லாததைப் புகழ்ந்துவிட்டு வரட்டும், யார் கேட்டார்கள்? இன்று ஒருநாள், ஒரே ஒருநாள், இந்த மனிதருக்கு வாய் திறந்து 'நன்றாயில்லை' என்று சொல்ல முடியாதா?

"மூன்றாவதே மற்ற இரண்டையும்விட மேலானது என்று அப்பா சொல்கிறார். அண்ணன் ஆமோதிக்கிறார்" என்று சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தாள்.

ரென்சாவின் முகத்தில் ஒரு மாறுதலும் இல்லை. "நீ என்ன சொல்கிறாய்?"

சைதன்யா தங்கையின் தயக்கத்தைக் கண்டுகொண்டான். "ஹர்ஷி, நைனா சொன்னதையே சொல்லிப்போடு. வந்தவங்க முன்னாடி அவரை மாட்டி வெக்காத" என்றான் தாழ்ந்த குரலில்.

அவளும் அந்த வீட்டுப் பெண்தான். தந்தையின் பேச்சை அயலார் எதிரில் மறுத்து அவளுக்குப் பழக்கமில்லை. அன்றியும், எந்தப் பக்கம் திரும்பினாலும் அடிதான். கறுப்பு நூல் ரென்சாவின் நாணல் பரணாக இருந்தால், அவர் பாட்டன் காலத்துப் பரணைப் பழித்ததாகும். அது தன் தட்டாக இருந்தால், தன் வாயாலேயே ஷெட்டை அண்ணனுக்கு எழுதிக் கொடுத்ததாகும்.

அவள் கோப்பையை நகர்த்தி வைத்தாள்.

"மூன்றாவது கெட்டுப்போயிருக்கிறது. காடியாகிவிட்டது. அதற்கு முன்னதாகவே பழத்தில் பூஞ்சை வந்திருக்கிறது."

சொன்னதைத் தந்தையின் காதில் விழும்படி தமிழிலும் ஒருமுறை சொன்னாள். வெங்கடபதி மகளைப் பார்க்கவில்லை. மேசை விரிப்பின் பூவேலையைப் பார்த்தார்.

ரென்சா மூன்று புட்டிகளையும் வரிசையாக நகர்த்தி வைத்தார். "மஞ்சள் எங்கள் நாணல் பரணில் உலர்ந்தது. நீலம் உங்கள் தட்டில் உலர்ந்தது. எங்கள் ஊரில் பலரும் மஞ்சளைவிட நீலத்தையே மெச்சினார்கள்."

"கறுப்பு?"

"அதுவும் உங்கள் தட்டுதான்."

ரென்சா தம் கைப்பேசியில் இரண்டு படங்களைக் காட்டினார். முதல் தவணையில் வந்த தட்டில் துளைகள் விளிம்பு வரை சென்றிருந்தன. இரண்டாம் தவணைத் தட்டில், விளிம்பிலிருந்து நான்கு விரற்கடை அகலத்துக்கு வெறும் தகடாக இருந்தது. துளையில்லாத அந்த ஓரத்தில் காற்று ஏறாமல் பழம் வியர்த்திருக்கிறது. அங்கிருந்துதான் பூஞ்சை கிளம்பியிருக்கிறது.

ஹர்ஷிணி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வரைந்து கொடுத்த தட்டில் அப்படி ஓர் ஓரம் இல்லவே இல்லை.

"ஒயின் கெட்டதைச் சொல்ல இவ்வளவு தொலைவு வர வேண்டியதில்லை. கடிதத்திலேயே எழுதியிருப்பேன்" என்றார் ரென்சா. "நீங்கள் தட்டை மாற்றினீர்கள், ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. இன்று கெட்டதை ஊற்றினேன், அருமை என்கிறீர்கள். நாளைக்கு உங்கள் தட்டில் வேறொரு பழுது வந்தால், பழுது என்று இந்த வீட்டில் எனக்கு யார் சொல்வார்கள்? நீ ஒருத்தி சொல்வாய். ஒருத்தி போதாதே."

இதைத் தமிழில் சொல்வது ஹர்ஷிணிக்கு எளிதாக இல்லை. சொன்னாள்.

வெங்கடபதி கை நீட்டி, கறுப்பு நூல் கட்டிய புட்டியிலிருந்து தாமே கொஞ்சம் ஊற்றிக்கொண்டார். வாயில் வைத்தார். பூச்சாடியை இழுத்து, பழக்கமில்லாத பிள்ளையைப்போல, பாதி உள்ளேயும் பாதி வேட்டியிலுமாகத் துப்பினார். வெள்ளை வேட்டியில் ஊதாக் கறை படர்ந்தது. வாயைத் துடைத்துக்கொண்டு ரென்சாவைப் பார்த்துக் கைகூப்பினார்.

"இது நல்லா இல்லைங்க. முதல்ல வாயில வெச்சப்பவே தெரிஞ்சுதுங்க. சொல்ல வாய் வரலீங்க. நல்லா இல்லைங்க."

ஹர்ஷிணி மொழிபெயர்த்தாள். ரென்சா தலையசைத்தார், அன்று முதன்முறையாக அவருடைய உதட்டோரம் சிறிது நெகிழ்ந்தது. "சரி. தட்டை மாற்றியது யார்?"

அதுவரை அடக்கிவைத்திருந்தது ஹர்ஷிணிக்குப் பொங்கிவிட்டது.

"அண்ணா, நீதானே? நான் வெரோனா போயிருந்தப்ப செஞ்ச தட்டு இது. தட்டு கெட்டா ஷெட்டு உனக்கு."

"நானா? எனக்கு அந்தத் தட்டுக்கு எந்தப் பக்கம் மேலேன்னே தெரியாது."

"பொறவு துளை தானா நின்னுபோச்சா?"

"ஹர்ஷி, பார்த்துப் பேசு."

சமையலறைக் கதவு திறந்தது. சோம்பும் மல்லிகையும் ஒருசேரக் கூடத்துக்குள் வந்தன. வடைத் தட்டோடு வரலட்சுமி நின்றிருந்தாள்.

"அவனைக் கேக்காத கண்ணு. மனோஜ்குமாருகிட்டச் சொல்லி ஓரத்துத் துளையை நிறுத்தச் சொன்னது நான்தான்."

மனோஜ்குமார் பெருந்துறை ஷெட்டின் மேற்பார்வையாளர். மகள் ஊரில் இல்லாத நாள்களில் வரலட்சுமி வாரம் இரண்டு முறை அங்கே சென்று பார்த்து வந்தாள் என்பது எல்லோருக்கும் தெரியும். பார்த்ததோடு நில்லாமல் கட்டளையும் இட்டிருக்கிறாள் என்பது யாருக்கும் தெரியாது.

"ஏனுங்கம்மா?"

"ஓரம் வரைக்கும் துளை போட்டுத் தகட்டை வெட்டினா, துளையும் பாதியா வெட்டுப்படுதில்ல. அது ரம்பப் பல்லாட்டம் நிக்குது. பிசிறு வேற. அதைத் தொடைச்சு அடுக்கற பொண்ணுங்க கை பூராக் கிழிஞ்சு கிடந்துச்சு. துணியைச் சுத்திக்கிட்டு வேலை செய்யறாங்க. பார்த்துட்டுச் சும்மா வரச் சொல்றயா?"

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லைங்க."

"போன்ல சொன்னா நீ கத்துவே. வந்ததும் சொல்லலாம்னு இருந்தேன். வந்ததும் நீ தட்டு போய்ச் சேர்ந்துருச்சுன்னு அத்தனை சந்தோசமா இருந்தே. பொறவு எங்க சொல்றது?"

"ஆனா முதல் தட்டு செய்யறப்பவே அந்தப் பொண்ணுங்களை நானே கேட்டேனுங்கம்மா. தட்டு எப்படி இருக்குது, ஏதாவது தொந்தரவான்னு ஒவ்வொருத்தரையா கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

'நல்லா இருக்குதுங்கக்கா.' எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். சொன்னபோது அவர்களுடைய கைகள் எங்கே இருந்தன என்று ஹர்ஷிணி பார்க்கவில்லை. பாராட்டைக் கேட்டுக்கொண்டு, மனம் நிறைந்து, காரில் ஏறி வந்துவிட்டாள்.

"உன் தாய் என்ன சொல்கிறார்?" என்றார் ரென்சா.

அவள் சொன்னாள். ஒன்றையும் குறைக்கவில்லை. தாயின் மாற்றத்தால் ஒயின் கெட்டதையும் சொன்னாள். தன் வரைபடத்தால் பெண்களின் கை கிழிந்ததையும் சொன்னாள். நல்ல ஒயினைக் கொடுத்த தட்டு கையை அறுத்தது. கையைக் காத்த தட்டு ஒயினைக் கெடுத்தது. இரண்டுக்கும் வழி இன்னும் தனக்குத் தெரியவில்லை என்றும் சொன்னாள்.

ரென்சா வரலட்சுமியின் தட்டிலிருந்து ஒரு வடையை எடுத்துப் பிட்டு வாயில் போட்டு மென்றார்.

"சோம்பு சற்று அதிகம் என்று சொல்" என்றார்.

ஹர்ஷிணி சொன்னாள். வரலட்சுமி திகைத்தாள். பிறகு தானும் ஒரு துண்டைக் கடித்துப் பார்த்து, "ஆமா, கொஞ்சம் எச்சாத்தான் போச்சு" என்று ஒப்புக்கொண்டாள்.

"அந்தப் பெண்கள் இன்று வேலைக்கு வந்திருப்பார்களா?"

"வந்திருப்பார்கள்."

"அப்படியானால் இப்போதே புறப்படுவோம். அவர்களையும் தட்டையும் பார்த்த பிறகே வேண்டும், வேண்டாம் என்று சொல்வேன்." ரென்சா எழுந்துவிட்டார்.

"இலை போட்டாச்சுங்க. ஒரு வாய் சாப்பிட்டுட்டு…" என்று வெங்கடபதி தொடங்கினார்; மகளின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். வரலட்சுமி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "சித்தெ இருங்க, நானும் வாரேன்" என்று செருப்பைத் தேடினாள். வடைகள் தூக்குப் பாத்திரத்துக்குள் சென்றன.

ரென்சாவும் ஹர்ஷிணியும் வாசலில் இறங்கினார்கள். சைதன்யா மட்டும் படியைவிட்டு அசையவில்லை.

"நைனா, நாளைக்குப் போலாமுங்களே. வெயிலு ஏறிப்போச்சு. அவங்களும் அலுப்பா இருப்பாங்க."

"அவங்களே போலாங்கறாங்களே."

"இல்லீங்க, நாளைக்குன்னா எல்லாம் எடுத்து வெச்சுச் சுத்தமா…"

"அண்ணா, என்ன விசயம்?" என்றாள் ஹர்ஷிணி.

அவன் தந்தையைப் பார்த்தான், வாசலைப் பார்த்தான், ஓட்டுநர் அதற்குள் காரைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"கிடங்குக்கு வாடகைக்குக் கேட்டிருந்தவரு ஷெட்டை இன்னிக்கே காலி பண்ணித் தரச் சொல்லிக் கேட்டாருங்க நைனா. எனக்கு இல்லைன்னு சொல்ல முடியலை. காலையிலயே மெஷினைக் கழட்ட ஆளு போயிட்டாங்க. அந்தப் பொண்ணுங்களுக்கும் இனி வேலை இல்லைன்னு சொல்லி அனுப்பிப்போட்டேன்."

'அதுவரைக்கும் கம்முனு இருங்க' என்று சொன்னவர் வெங்கடபதிதான். 'செரிங்க நைனா' என்று தலையாட்டியவன் அவன்தான்.

ரென்சா காரின் கதவைத் திறந்தபடி நின்று, மூவர் முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "உன் அண்ணன் என்ன சொன்னார்?"

ஹர்ஷிணி தந்தையைத் திரும்பிப் பார்த்தாள். ஊதாக் கறை படிந்த வேட்டியோடு அவர் படியிறங்கி வந்து, மகளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

"சொல்லிப்போடு அம்மணி. உள்ளது உள்ளபடி சொல்லிப்போடு."